முப்பத்து நான்கோடு நிற்கும் சங்கிலி

சென்ற ஆண்டு அம்மாவுக்கு முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அவர் கீழே விழவுமில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவுமில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுவதற்காகக் குனிந்தபோது சுருக்கென்று ஒரு வலி வந்தது, அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவத்தில் இருந்தது. எலும்பின் அடர்த்தியை அளந்த பிறகு, மருத்துவர் டெரிபாராடைடு என்னும் மருந்தை எழுதிக்கொடுத்தார். பேனா போன்ற கருவியில் வரும் அந்த மருந்தைத் தினமும் ஒரு முறை, 20 மைக்ரோகிராம் அளவில், வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் ஊசியைக் கையில் எடுத்தபோது அம்மா கேட்டார்: "ஏட்டி, நொறுங்குனது முதுகெலும்பு. ஊசிய வயித்துல போடச் சொல்லுதாவளே, அது எப்படி அங்கன போய்ச் சேரும்?"

இரத்தத்தின் வழியாகப் போகும் என்று அப்போதைக்குச் சொல்லிவிட்டேன். பொய்யில்லை என்றாலும் அது போதுமான பதிலும் இல்லை. பெட்டியின் மீது சிறிய எழுத்தில் "மனித பாராதைராய்டு ஹார்மோன் 1-34" என்ற பொருளில் ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சிறு சங்கிலிகளுக்குப் பெப்டைடு என்று பெயர்; அவற்றைத் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆய்வகத்தில் நின்றவள் நான். அந்த இரண்டு எண்களையும் வேலையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பார்த்தது அதுவே முதல் முறை. அம்மாவிடம் அன்று முழுமையாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தைராய்டு சுரப்பியின் பின்புறம் பயறு அளவில் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது அவை சுரக்கும் ஹார்மோன், 84 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. அம்மாவின் பேனாவில் இருப்பது அந்தச் சங்கிலியின் முதல் 34 மணிகள் மட்டுமே. மீதி 50 அங்கே இல்லை. அவை இல்லாமலேயே அந்தத் துண்டு, முழு ஹார்மோன் எலும்பிலும் சிறுநீரகத்திலும் எந்த ஏற்பியை (ஹார்மோன் வந்து பொருந்துவதற்காகச் செல்லின் மீது இருக்கும் பூட்டு போன்ற புரதம்) தூண்டுகிறதோ அதே ஏற்பியை, ஏறத்தாழ அதே வலுவுடன் தூண்டுகிறது.

பெப்டைடுச் சங்கிலிக்குத் தலையும் வாலும் உண்டு. ஒரு முனையில் அமினோ தொகுதியும் மறுமுனையில் அமிலத் தொகுதியும் இருக்கும். அமினோ முனையிலிருந்துதான் எண்ணத் தொடங்குவோம். ஆகவே 1-34 என்பது "ஏதோ ஒரு 34" ஆகாது. தலையிலிருந்து தொடங்கி 34ஆம் இடத்தில் முடியும் துண்டு என்று அதற்குப் பொருள். இந்தத் துண்டின் பின்பகுதி, அதாவது 15இலிருந்து 34 வரையிலான பகுதி, ஏற்பியின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொள்கிறது; தலைப்பகுதியின் முதல் சில அமினோ அமிலங்கள் ஏற்பியின் உட்குழிக்குள் நுழைந்து அதை இயக்குகின்றன. பிடிப்பது ஒரு பகுதி, இயக்குவது வேறொரு பகுதி. இதனால் என்ன நேர்கிறது என்று பாருங்கள். தலையிலிருந்து ஆறே ஆறு அமினோ அமிலங்களை நீக்கி 7-34 என்ற துண்டை உருவாக்கினால், அது ஏற்பியைப் பற்றிக்கொள்ளும், ஆனால் இயக்காது; உண்மையான ஹார்மோன் வந்து அமர வேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்ளும். மருந்தாக இருந்த துண்டு ஆறு மணிகள் குறைந்ததும் மருந்துக்கு எதிரியாகிவிடுகிறது. நான் சொல்ல நினைப்பது இதைத்தான்: பெப்டைடுத் துண்டு என்பது முழுமையின் சிறிய பிரதி அல்ல, எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

வெட்டுவது நாம் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. உடம்பு ஓயாமல் செய்துவருவதுதான். இந்த ஹார்மோனே முதலில் 115 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலியாகத்தான் செல்லுக்குள் உருவாகிறது. முன்னாலிருக்கும் 25 வெட்டப்படுகிறது, அதன் பிறகு இன்னொரு 6 வெட்டப்படுகிறது, எஞ்சிய 84 சுரப்பியை விட்டு வெளியேறுகிறது. வெளியேறிய பிறகு கல்லீரல் மேலும் துண்டாக்குகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தில் தலையை இழந்த நீண்ட துண்டுகள் தேங்கிவிடுகின்றன. அவற்றில் 7-84 போன்றவை, "முழு ஹார்மோனை" அளப்பதாக நம்பப்பட்ட பழைய இரத்தப் பரிசோதனைகளிலும் சேர்த்து எண்ணப்பட்டன. சோதனையில் ஹார்மோனைத் தேடிப் பிடிக்கப் பயன்பட்ட எதிர்ப்புரதம் சங்கிலியின் தொடக்கத்தில் பற்றிக்கொண்ட இடம், முதல் அமினோ அமிலத்தைத் தொடாத இடமாக இருந்ததே காரணம். ஹார்மோன் அதிகம் என்று அறிக்கை சொல்லும். அதில் கணிசமான பங்கு வேலை செய்யாத துண்டாக இருக்கும். டயாலிசிஸ் நோயாளிகளின் எலும்பு நோயைக் கணிப்பதில் இது நீண்ட காலம் குழப்பத்தை ஏற்படுத்தியது.

அம்மாவின் ஊசியில் இன்னொரு புதிரும் இருக்கிறது. பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுப்பது. அது அளவுக்கு மீறிச் சுரக்கும் நோயில் எலும்பு கரையும். அப்படியிருக்க, எலும்பு பலவீனமான ஒருவருக்கு அதையே ஏன் ஊசியாகப் போட வேண்டும்? விடை அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இந்த ஹார்மோன் நாள் முழுவதும் உயர்ந்தே இருந்தால் எலும்பைக் கரைக்கும் செல்கள் முந்திக்கொள்கின்றன. ஆனால் நாளுக்கு ஒரு முறை சட்டென்று உயர்ந்து சில மணி நேரத்தில் மறைந்துவிட்டால், எலும்பைக் கட்டும் செல்கள் முதலில் விழித்துக்கொள்கின்றன. தோலுக்கடியில் போட்ட டெரிபாராடைடு அரை மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. அதன் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ ஒரு மணி நேரம். பொதுவாக மருந்துகள் உடலில் நீண்ட நேரம் தங்க வேண்டும் என்றுதான் பாடுபடுவோம். இங்கே சீக்கிரம் போய்விடுவதே மருந்தாக அமைகிறது.

1929இலேயே பாவர், ஓப், ஆல்பிரைட் ஆகிய மூவரும் பாராதைராய்டுச் சாற்றைச் செலுத்திய எலிகளில் எலும்பு கூடுவதைக் கண்டு எழுதியிருந்தார்கள். அந்த அவதானிப்பு பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த சாறு எப்போதும் ஒரே தரத்தில் கிடைக்காது என்பது ஒரு தடை. 1970களில் 1-34 துண்டை வேதியியல் முறையில் தூய்மையாகத் தயாரிக்க முடிந்த பிறகே மனிதர்களிடம் சோதிக்க வழி பிறந்தது; 1980இல், பல மையங்களில் ஒரே சமயத்தில் நடத்திய முதல் ஆய்வு வெளிவந்தது. 2001இல் வெளியான பெரிய ஆய்வில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு கண்டிருந்த, மாதவிடாய் நின்ற 1,637 பெண்கள் பங்கேற்றார்கள். மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் 14 விழுக்காட்டினருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு ஏற்பட்டது. 20 மைக்ரோகிராம் பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கு மட்டுமே ஏற்பட்டது. அந்த ஆய்வு திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது, எலிகளில் நீண்ட காலம் அதிக அளவில் கொடுத்தபோது எலும்புப் புற்று தென்பட்டதுதான் காரணம். 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது அந்த எச்சரிக்கை கட்டம் கட்டி அச்சிடப்பட்டது. பல ஆண்டுகள் நோயாளிகளைக் கண்காணித்தும் மனிதர்களிடம் அப்படியொரு போக்கு தென்படாததால் 2020இல் அந்தக் கட்டம் நீக்கப்பட்டது. இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தும், பெட்டியைப் பிரித்தபோது நான் முதலில் தேடியது அந்த எச்சரிக்கையைத்தான். அம்மா என்று வரும்போது படித்தது வேறு, மனம் வேறு.

இந்தத் துண்டை எப்படிச் செய்கிறார்கள்? நான் அறிந்த வேலை இதுவே. டெரிபாராடைடை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம், மரபணு மாற்றிய ஈ.கோலி பாக்டீரியாவில் அதை வளர்த்தெடுத்தது. வேதியியல் முறையில், ஒவ்வொரு மணியாகக் கோத்தும் இதே சங்கிலியைச் செய்யலாம். ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெரிஃபீல்டு 1963இல் அறிவித்து, 1984இல் நோபல் பரிசு பெற்றது அந்த முறைக்காகத்தான். அவருடைய யோசனை எளிமையானது: வளரும் சங்கிலியின் வால் நுனியை ஒரு பிசின் மணியில் கட்டிவிட்டால், ஒவ்வொரு வினைக்குப் பிறகும் மிச்சத்தைக் கழுவி ஊற்றிவிடலாம், சங்கிலி மட்டும் பிசின் மணியோடு தங்கிவிடும்.

பிசின் மணிகள் பார்ப்பதற்கு ரவையைப் போலத்தான் இருக்கும். கண்ணாடிக் குழாயில் கொட்டிக் கரைப்பானை ஊற்றினால், ஊறவைத்த சவ்வரிசியைப் போல உப்பிக்கொள்ளும். அப்படி உப்பினால்தான் உள்ளே வினை நடக்கும். ஒரு அமினோ அமிலம் சேர்ந்துவிட்டதா என்று பார்க்க, நான்கைந்து பிசின் மணிகளை மட்டும் எடுத்துச் சிறு குழாயில் இட்டு நின்ஹைட்ரின் சொட்டுகளை விட்டுச் சூடாக்குவோம். மணிகள் வெளிர் மஞ்சளாகவே இருந்தால் இணைப்பு முடிந்தது. நீலம் பாய்ந்தால் இணையாத முனைகள் இன்னும் இருக்கின்றன, அதே அமினோ அமிலத்தை மறுபடி சேர்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மணிகள் நீலமாகும்போது வரும் ஆயாசம், இந்த வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அந்த நீலத்தை ஏன் விட்டுவிடக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 34 அமினோ அமிலங்களுக்கு 33 இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பும் 99 விழுக்காடு நிறைவேறினால், கடைசியில் சரியான சங்கிலி 72 விழுக்காடுதான் இருக்கும். 98 விழுக்காடு என்றால் 51. ஒரு படியில் நூற்றுக்கு ஒன்று குறைந்தது முடிவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிடுகிறது. மீதியெல்லாம் இடையில் ஒரு மணி விடுபட்ட சங்கிலிகள், பாதியில் நின்றுபோன சங்கிலிகள். மேலும், நாங்கள் வாலிலிருந்துதான் கோக்கத் தொடங்குவோம். 34ஆம் இடத்துப் பினைல்அலனின் முதலில், 1ஆம் இடத்துச் செரின் கடைசியில். ஏற்பியை இயக்கும் அந்த முக்கியமான தலைப்பகுதி, கை சோர்ந்துபோகும் கடைசி நாளில்தான் வந்து சேரும். ஏழாவது அமினோ அமிலத்தோடு வளர்ச்சி நின்றுபோன சங்கிலி எதுவாக இருக்கும்? மேலே சொன்ன அதே 7-34தான். தயாரிப்பில் விடும் பிழை வெறும் அழுக்காக நிற்பதில்லை. சரியான மருந்தின் வேலையைத் தடுக்கக்கூடிய பொருளாகவே அது பிறக்கலாம். தூய்மை 95 விழுக்காடு என்று யாராவது பெருமையாகச் சொன்னால், மீதி 5இல் இருப்பது என்ன என்றுதான் நான் கேட்பேன்.

இந்த இடத்தில் என்னுடைய ஒரு தவற்றையும் எழுதிவிடுகிறேன். ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில், ஒரே பெப்டைடை இரண்டு முறை தயாரித்துச் செல்களின் மீது சோதித்தேன். இரண்டாவது தயாரிப்பு தொடர்ந்து பலவீனமாகவே இருந்தது. மூன்று வாரம் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, இரண்டாவது தயாரிப்பு கெட்டுவிட்டது என்று எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன். மூத்த ஆய்வாளர் ஒருவர் வந்து, "நீங்க எடை போட்ட ஒரு மில்லிகிராம்ல பெப்டைடு எவ்வளவு இருக்கும்மா?" என்று கேட்டார். ஒரு மில்லிகிராம் என்றேன். பகுப்பாய்வுத் தாளை எடுத்துக் காட்டினார். முதல் தயாரிப்பில் பெப்டைடின் நிகர அளவு 72 விழுக்காடு, இரண்டாவதில் 58.

உறைய வைத்து உலர்த்திய பெப்டைடு, பிரித்தெடுத்த பஞ்சைப் போலக் குப்பியின் அடியில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். பார்த்தால் முழுவதும் பெப்டைடு என்றுதான் தோன்றும். ஆனால் அதில் ஈரமும் இருக்கிறது. தூய்மைப்படுத்தும்போது பயன்படுத்திய டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலமும் உப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெரிபாராடைடையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூறு நிறை சுமார் 4,118. மூன்று லைசின், இரண்டு ஆர்ஜினின், மூன்று ஹிஸ்டிடின், தலைமுனை ஒன்று என்று ஒன்பது கார இடங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 114 நிறையுள்ள அந்த அமிலம் ஒன்று ஒட்டினால் 1,026 கூடிவிடும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு அமிலம்! அந்த அமிலம் செல்களின் வளர்ச்சியையும் தன் பங்குக்குப் பாதிக்கக்கூடும். மருந்தாகும் பெப்டைடுகளில் அதை நீக்கி அசிட்டேட் போன்ற வேறு உப்பாக மாற்றுவது அதனால்தான். அன்றிலிருந்து குப்பியின் மீது நிகர அளவை எழுதாமல் யாருக்கும் நான் பெப்டைடு கொடுத்ததில்லை.

வெட்டும் இடமே பொருளைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி, இன்று உலகமெங்கும் பேசப்படும் நீரிழிவு, உடல் பருமன் மருந்துகள். இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் கணைய ஹார்மோனான குளுககானின் மரபணுவை 1980களின் தொடக்கத்தில் படித்தபோது, அந்த ஒரே நீண்ட புரதத்துக்குள் குளுககானைப் போன்ற வேறு இரண்டு பெப்டைடுகளும் ஒளிந்திருப்பது தெரிந்தது. முதலாவதற்கு ஜி.எல்.பி-1 என்று பெயரிட்டார்கள். வரிசையைப் பார்த்து ஊகித்த வடிவம் 1-37. அதைச் செலுத்திப் பார்த்தால் இன்சுலின் சுரப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணிபுரிந்த ஸ்வெட்லானா மொய்சோவ், தொடக்கத்தில் இன்னும் ஆறு அமினோ அமிலங்கள் வெட்டப்பட வேண்டும் என்று கருதினார். 7ஆம் இடத்தில் ஒரு ஹிஸ்டிடின் இருக்கிறது, குளுககானும் ஹிஸ்டிடினில்தான் தொடங்குகிறது. அவர் ராக்கஃபெல்லரில் மெரிஃபீல்டின் மாணவி. அங்கே குளுககானைக் கோத்துப் பழகியவர். பெப்டைடைத் தன் கையாலேயே தயாரித்து, அதை இனங்காணும் எதிர்ப்புரதங்களையும் உருவாக்கி, 7-37 குடலில் இயல்பாகவே இருப்பதைக் காட்டினார். ஜோயல் ஹாபனர், கோர்டன் வீர் ஆகியோருடன் சேர்ந்து, எலியின் கணையத்தில் மிக நுண்ணிய அளவிலேயே அது இன்சுலினைச் சுரக்கவைப்பதை 1987இல் வெளியிட்டார். டென்மார்க்கில் யென்ஸ் ஹோல்ஸ்ட் குழுவும் அதே காலத்தில் இந்த முடிவுக்கு வந்தது.

இங்கும் ஆறு மணிகள்தான். பாராதைராய்டு ஹார்மோனில் ஆறை நீக்கினால் செயல் போகிறது, ஜி.எல்.பி-1இல் ஆறை நீக்கினால்தான் செயல் வருகிறது. மொய்சோவின் பங்கு வெளியே தெரிய நெடுங்காலம் ஆயிற்று. காப்புரிமைகளில் தன் பெயரைச் சேர்க்கவே அவர் போராட வேண்டியிருந்தது. 2024இல் ஹாபனர், லோட்டே பியெர் நுட்சன் ஆகியோருடன் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது அவருக்கும் வழங்கப்பட்டபோது, ஆய்வகத்தில் குழாயைக் குலுக்கிக்கொண்டு நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது சொந்த வீட்டு விசேஷம் போலவே இருந்தது.

சரியான துண்டு கிடைத்தும் மருந்து கிடைத்துவிடவில்லை. 7-37 இரத்தத்தில் இரண்டு நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. டி.பி.பி-4 என்ற நொதி தலையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களைக் கொய்துவிடுகிறது. எஞ்சும் துண்டு இன்சுலினைத் தூண்டுவதில்லை. உடம்பே போட்ட மூன்றாவது வெட்டு இது. அந்த நொதி கொய்யும் இடத்துக்குப் பக்கத்தில், 8ஆம் இடத்தில் இருப்பது அலனின். மேலே சொன்ன நீரிழிவு, உடல் பருமன் மருந்துகளில் ஒன்றான செமாகுளுடைடில் அதற்குப் பதிலாக ஆல்ஃபா-அமினோஐசோபியூட்டிரிக் அமிலம் வைக்கப்பட்டுள்ளது, சுருக்கமாக ஏ.ஐ.பி. என்போம். அலனினில் ஒரு மீத்தைல் தொகுதி இருக்கும் இடத்தில் இதில் இரண்டு இருக்கின்றன. அந்தக் கூடுதல் மீத்தைல் இடைஞ்சலாக நிற்பதால் நொதியால் அங்கே கடிக்க முடிவதில்லை. இதோடு 26ஆம் இடத்தில் ஒரு நீண்ட கொழுப்பமிலத்தையும் தொங்கவிட்டார்கள். இரத்தத்தில் மிதக்கும் ஆல்புமின் என்ற புரதத்தை அது பற்றிக்கொள்கிறது. இரண்டு நிமிடம் ஏறத்தாழ ஒரு வாரமாக நீண்டது இப்படித்தான்.

ஏ.ஐ.பி.யைப் பற்றி எழுதும்போது சென்னையை நினைக்காமல் இருக்க முடியாது. ஒரு பெப்டைடுச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பதை வரைபடமாக 1963இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர். ஏ.ஐ.பி.யை அந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு மீத்தைல்களின் நெருக்கடியால் அதற்கு அனுமதிக்கப்படும் இடம் மிகவும் சுருங்கிவிடும். திருகுசுருள் வடிவத்தின் பக்கமே அது சாயும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராமின் குழு ஏ.ஐ.பி. கொண்ட பெப்டைடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து இதைப் படிகங்களில் காட்டியது. வாரம் ஒரு முறை போடப்படும் ஊசிக்குள் இருக்கும் ஓர் அமினோ அமிலத்தின் குணத்தை அறிய, கிண்டியில் பிறந்த வரைபடத்தைத்தான் இன்றும் விரிக்கிறோம்.

மருந்தாகாத துண்டுகளே ஆய்வகத்தில் அதிகம். ஒரு நீண்ட புரதத்தை 15, 15 அமினோ அமிலங்களாக, ஒன்றன் மீது ஒன்று கொஞ்சம் படியுமாறு நறுக்கி, எந்தத் துண்டை நம் தற்காப்புச் செல்கள் இனங்காண்கின்றன என்று பார்ப்பது அன்றாட வேலை. உள்ளுறையும் காசநோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை ஒன்று இந்த வழியில் அமைந்தது. காசநோய்க் கிருமியின் இசாட்-6, சி.எஃப்.பி-10 என்ற இரு புரதங்களை ஒத்த பெப்டைடுகளை இரத்தத்தில் சேர்த்து, செல்கள் விழித்துக்கொள்கின்றனவா என்று பார்ப்பார்கள். அந்த இரு புரதங்களும் பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியில் கிடையாது. நம் ஊரில் பெரும்பாலோரின் இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கும், பழைய தோல் சோதனை அந்தத் தடுப்பூசியாலும் தடித்துக்காட்டலாம், இது காட்டாது.

ஆனால் துண்டைக் கொண்டு முழுமையை அளப்பதில் எனக்கு மனக்குறை ஒன்று உண்டு. அல்சைமர் ஆய்வில், அந்த நோயில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற பெப்டைடின் 1-42 வடிவத்துக்குப் பதிலாக, வெறும் 11 அமினோ அமிலங்கள் கொண்ட 25-35 துண்டைப் பயன்படுத்துகிறார்கள். செய்வது எளிது, விலை குறைவு, விரைவாகத் திரண்டு செல்களைக் கொல்லும். அதனால் கிடைக்கும் முடிவை மூளையில் நடப்பதாகவே எழுதிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்த கலைந்த பெப்டைடு ஒன்றை ஒப்பீட்டுக்கு வைக்காத கட்டுரையையும் நான் நம்பிக்கையோடு படிப்பதில்லை. மாறாக, 1984இல் பியர்ஷ்பாகர், ரூஸ்லாட்டி என்ற ஆய்வாளர்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தில் செல்கள் பற்றிக்கொள்ளும் இடத்தை ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றே அமினோ அமிலங்களாகச் சுருக்கிக் காட்டிய விதத்தைப் படித்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் அவர்கள் ஒப்பீடு வைத்திருப்பது தெரியும். மாரடைப்பு நோயாளிகளுக்கு இரத்தத் தட்டுகள் திரளாமலிருக்கக் கொடுக்கப்படும் எப்டிஃபிபடைடு, ஒரு விரியன் இனப் பாம்பின் நஞ்சிலுள்ள இதையொத்த சிறு வரிசையிலிருந்து பிறந்தது.

சென்ற மாதம் சித்தி மகன் தொலைபேசியில் அழைத்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் தோள்பட்டைத் தசைநார் பிசகிவிட்டதாம். "அக்கா, பி.பி.சி-157னு ஒரு பெப்டைடு இருக்காம். இரைப்பைச் சாறுல இருக்கிற புரதத்தோட துண்டுதானாம். நம்ம உடம்புல இருக்கிறதுதானே, என்ன பண்ணிடப் போவுது?" என்றான். அவன் கேட்டதைத்தான் பலரும் நம்புகிறார்கள். 15 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பெப்டைடு குறித்து வெளிவந்துள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை விலங்குகளில் செய்த ஆய்வுகள். அவற்றிலும் பெரும்பங்கு குரோவேஷியாவின் சாக்ரெப் நகரைச் சேர்ந்த ஒரே குழுவிடமிருந்து வந்தவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மருந்தாக அனுமதிக்கவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022 முதல் தடை செய்திருக்கிறது. "ஆய்வுக்கு மட்டும்" என்று ஒட்டிய குப்பியில் இணையம் வழியாக அது வருகிறது. அந்தக் குப்பியில் நிகர அளவு எவ்வளவு, எந்த மணி விடுபட்ட சங்கிலிகள் கலந்திருக்கின்றன, எந்த அமிலம் ஒட்டியிருக்கிறது, கிருமி நீக்கப்பட்டதா என்று யார் சொல்வார்கள்? நம் உடம்பில் இருப்பதன் துண்டு என்பதனாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. 7-34உம் நம் உடம்பின் ஹார்மோனிலிருந்து வெட்டிய துண்டுதான். அவனுக்கு இதையெல்லாம் அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னேன். வாங்கவில்லை என்று பிறகு செய்தி அனுப்பினான். இயன்முறை மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறான்.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். முதல் சில நாள் ஊசி போட்டதும் தலை சுற்றியது. இரத்த அழுத்தம் சிறிது நேரம் இறங்குவதால் தொடக்கத்தில் சிலருக்கு அப்படி ஆகும்; கட்டிலில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளச் சொன்னேன், பிறகு சரியாகிவிட்டது. பேனாவை 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. 8ஆம் இடத்தில் இருக்கும் மெத்தியோனின் ஆக்சிஜன் ஏறிப்போனால் வேலை செய்யும் திறன் பெரிதும் குறையும். உறைந்துவிடக்கூடாதே என்று பேனாவை உறைபெட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்து நடுத்தட்டுக்கு மாற்றினேன். மின்சாரம் நின்றால் அம்மா முதலில் எழுந்து அதைத்தான் பார்க்கிறார். திறந்து 28 நாள் ஆனதும், உள்ளே மருந்து மிச்சமிருந்தாலும் பேனாவைத் தூக்கிப்போட வேண்டும் என்பதுதான் அவருக்கு மனசே ஆகாத ஒன்று. விலையைத் தெரிந்துகொண்ட பிறகு இன்னும் கஷ்டப்படுகிறார்.

பொதுவாக இந்தச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்குத்தான். நிறுத்திய பிறகு எலும்புக் கரைவைத் தடுக்கும் வேறு மருந்தைத் தொடராவிட்டால் கூடிய அடர்த்தி மெல்ல இறங்கிவிடும். மருத்துவர் அதை இப்போதே எழுதிக்கொடுத்திருக்கிறார். தினசரி நாள்காட்டியில் ஒவ்வொரு பேனாவும் திறந்த தேதியை அம்மா பென்சிலால் குறித்து, 28ஆம் நாளுக்குரிய தாளின் மூலையை முன்கூட்டியே மடித்துவைக்கிறார். நேற்றுப் பதினொன்றாவது பேனாவைத் திறந்தோம். ஊசியைப் போட்டுவிட்டு, "அந்த மிச்ச அம்பது எங்கட்டி போச்சு?" என்று கேட்டார். அது கோக்கப்படவே இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்பம் அது இல்லாமலே நடக்குதுல்லா" என்று சொல்லி, பேனாவை மூடி நடுத்தட்டில் வைத்தார்.